கொண்டையிலிருந்து தோளளவு வரை: மூதாட்டியர் கூந்தலின் நூற்றாண்டுக் கதை

வயது முதிர்ந்த பெண்களுக்கு ஏற்ற, பராமரிப்பதற்கு இலகுவான, நடுத்தர நீளச் சிகையலங்காரங்கள் என்ற தலைப்பில் ஏதேனுமொரு சஞ்சிகையில் அடிக்கடி கட்டுரை வெளிவந்துகொண்டுதான் இருக்கிறது. பெண்கள் பகுதிக்கென ஒதுக்கப்பட்ட பக்கங்களை நிரப்புவதற்கு இதைவிட வசதியான விடயம் வேறில்லை என்பதை ஆசிரிய பீடங்களில் நெடுங்காலம் குப்பை கொட்டியவன் என்ற முறையில் நான் நன்கறிவேன். நான்கு படங்கள், நாற்பது வரிகள், பக்கம் நிரம்பிவிடும். ஆனால், நாடிக்குக் கீழேயும் தோளுக்கு மேலேயுமாக நிற்கின்ற அந்தக் கூந்தல் அறுபது வயதைக் கடந்த ஒரு பெண்ணின் தலைக்கு வந்து சேர்வதற்கு எத்தனை தடைகளைத் தாண்ட வேண்டியிருந்தது என்பதை அக்கட்டுரைகள் சொல்வதில்லை. அதைச் சொல்லிப் பார்ப்பதே எனது நோக்கம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் ஒரு பெண்ணின் வயதை அவளது கூந்தலைப் பார்த்தே அறிந்துகொள்ளலாம். சிறுமியாக இருக்கும் வரை கூந்தல் முதுகில் விரிந்து கிடக்கும். பதினாறு, பதினெட்டு வயதளவில் ஒரு நாள் அது மேலே தூக்கி முடியப்படும். அன்று முடிந்த கொண்டை அதன் பின்னர் பிறர் கண்ணுக்கு முன்னால் அவிழ்வதில்லை. விரித்த கூந்தலுடன் அவளைப் பார்க்கும் உரிமை கணவனுக்கும் பணிப்பெண்ணுக்கும் மட்டுமே உரியது. வயது ஏற ஏறக் கொண்டையும் இறுகும். நடுவே பிரித்த உச்சி அகலும். அந்த அகலத்தை மறைக்க வெள்ளைத் துணித் தொப்பி வந்து சேரும். விக்டோரியா மகாராணியின் பிற்காலப் படங்களைப் பார்த்தவர்களுக்கு இந்தத் தோற்றம் நன்கு பழக்கமானது. முதியவள் என்றால் கூந்தலை மறைக்க வேண்டியவள் என்பதே அக்காலத்தின் எழுதப்படாத சட்டம்.

அந்த நாட்களின் ஒப்பனை மேசைகளில் மூடியில் துளையிட்ட ஒரு பீங்கான் கிண்ணம் இருக்கும். சீப்பில் கழன்றுவரும் மயிரைச் சுருட்டி அந்தத் துளை வழியாக உள்ளே போட்டுச் சேர்த்து வைப்பார்கள். போதிய அளவு சேர்ந்ததும் அதனைத் திரட்டிப் பஞ்சுப் பொதி போலாக்கி, மெலிந்துபோன கொண்டைக்குள் வைத்து முடிவார்கள். அந்தப் பொதிக்கு அவர்கள் இட்ட பெயர் 'எலி'. எங்கள் ஆச்சிமார் உதிர்ந்த முடியைச் சுருட்டிச் சுவரிடுக்கில் செருகி வைத்துச் சவுரி கட்டியதை அறிந்தவர்களுக்கு இது வியப்பைத் தராது. மெலிந்த பின்னலை 'எலிவால்' என்று நாங்கள் கேலி பேசுகிறோம். அவர்களோ எலியையே கொண்டைக்குள் வைத்துப் பெருப்பித்தார்கள். மூதாட்டியின் கூந்தல் குறையக்கூடாது, குறைந்தாலும் குறைந்ததாகத் தெரியக்கூடாது என்ற கவலை இரு இடத்திலும் ஒன்றேதான்.

இந்தக் கட்டுக்கோப்பை முதலில் உடைத்தது இளைய தலைமுறை என்றே பொதுவாக எழுதப்படுகிறது. 'பொப்' வெட்டு என்றதும் 1920களின் குட்டைப் பாவாடையும் ஜாஸ் இசையும் இருபது வயதுப் பெண்களுமே நினைவுக்கு வருவதால் அப்படி எழுதுவது எளிதாகிவிட்டது. உண்மையில் அந்தக் கதையின் முதல் அத்தியாயத்தில் இருப்பவர் நாற்பதைக் கடந்த ஒரு பெண்.

போலந்தின் சியராட்ஸ் என்ற சிறு நகரில் 1884இல் பிறந்த அந்தோனி செர்ப்ளிகோவ்ஸ்கி என்பவர் பாரிஸுக்கு வந்து 'அந்துவான்' என்ற பெயரில் சிகையலங்காரக் கலைஞராகப் புகழ் பெற்றார். அவரிடம் 1909இல் வந்தவர் ஈவ் லவல்லியேர் என்ற நடிகை. 1866இல் பிறந்த அவர் பாரிஸின் வரியேற்றே அரங்கின் நட்சத்திரமாக விளங்கியவர். அப்போது அவருக்கு ஏற்கக் கிடைத்திருந்த பாத்திரமோ பதினெட்டு வயதுப் பெண்ணுடையது. வயதைக் குறைத்துக் காட்ட வழியென்ன என்று தேடிய அந்துவான், சிறுவர்களின் தலையை ஒத்தவாறு அவரது கூந்தலைக் காதளவில் வெட்டிவிட்டார். பிரெஞ்சு மக்கள் போற்றும் வீராங்கனையான ஜோன் ஒஃப் ஆர்க்கின் பெயரால் அந்த வெட்டு அழைக்கப்பட்டது. போர்க்களம் சென்ற கன்னியின் பெயர், வயதை மறைக்க விரும்பிய நாடக நடிகையின் தலையில் வந்து அமர்ந்தது வேடிக்கைதான். லவல்லியேர் 1917இல் மேடையைத் துறந்து சமய வாழ்வில் ஈடுபட்டு 1929இல் மறைந்தார். அவர் மறைந்த காலத்தில் அவரது தலையில் தொடங்கிய வெட்டு உலகெங்கும் பரவியிருந்தது.

அமெரிக்காவில் இதனைப் பரப்பியவர் ஐரீன் காசில் என்ற நடனக் கலைஞர். முதலாம் உலகப்போர் தொடங்கிய காலத்தில், குடல்வால் அறுவைச் சிகிச்சைக்காக மருத்துவமனைக்குச் செல்லுமுன், படுக்கையில் கிடந்து நீண்ட கூந்தலுடன் மல்லுக்கட்ட விரும்பாமல் அவர் அதனை வெட்டிக்கொண்டார். நோயுற்ற நாட்களில் கூந்தல் ஒரு சுமை என்ற அந்த எளிய காரணத்தை வாசகர்கள் மனதில் வைத்திருக்க வேண்டுகிறேன்; பின்னர் அது மறுபடி வரும்.

போர் முடிந்த பின்னர் வந்த பத்து ஆண்டுகளிலும் கூந்தலைக் குறித்து நடந்த சண்டை சாதாரணமானதன்று. ஸ்கொட் ஃபிட்ஸ்ஜெரால்ட் 'பெர்னிஸ் பொப்ஸ் ஹெர் ஹெயார்' என்ற சிறுகதையை 1920இல் வெளியிட்டபோது, கூந்தலை வெட்டுவதென்பது ஒரு குடும்பத்தையே கலக்கக்கூடிய விடயமாக இருந்தது. தேவாலயப் பிரசங்கிகள் புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதலாவது நிருபத்தை எடுத்துக்காட்டி, நீண்ட கூந்தலே பெண்ணுக்குரிய மகிமை என்று வாதிட்டார்கள். பெண்களுக்கான சிகையலங்கார நிலையங்கள் பலவற்றில் பணியாற்றியவர்களுக்குக் கூந்தலைச் சுருட்டவும் முடியவும் தெரியும், வெட்டத் தெரியாது. சிலர் தெரிந்தும் மறுத்தார்கள். ஆகவே பெண்கள் ஆண்களின் சவரக்கடை வாசலில் வரிசையில் நின்றார்கள். அந்த வரிசையில் தாய்மாரும் பாட்டிமாரும் பிந்தித்தான் சேர்ந்தார்கள். மகளுக்கு அனுமதி மறுத்த தாய், ஓரிரு ஆண்டுகள் சென்றபின் தானே போய் வெட்டிக்கொண்ட கதைகள் அக்காலத்துப் பத்திரிகைகளில் நகைச்சுவைத் துணுக்குகளாக இடம்பெற்றன. பொற்சுருள் கூந்தலால் உலகப் புகழ் பெற்றிருந்த திரைநட்சத்திரம் மேரி பிக்ஃபோர்ட், தாயார் மறைந்த சில மாதங்களின் பின்னர், 1928இல் தமது 36ஆவது வயதில் அந்தச் சுருள்களை வெட்டிக்கொண்டபோது அது முதற்பக்கச் செய்தியானது. சிறுமி வேடத்திலேயே தன்னைக் காண விரும்பிய இரசிகர்களிடமிருந்து விடுதலை பெறுவதற்கு அவர் தேர்ந்தெடுத்த ஆயுதம் கத்தரிக்கோல்.

இருப்பினும், நேராக வெட்டிய குட்டைக் கூந்தல் முதியவர்களுக்கு அவ்வளவாகப் பொருந்தவில்லை. இளமையில் அடர்ந்து நிற்கும் கூந்தல் வெட்டிய இடத்தில் நிற்கும். மெலிந்த நரைக்கூந்தலோ தலையோடு ஒட்டிக்கொள்ளும். இந்தக் குறையைத் தீர்த்து வைத்தவர் ஜேர்மனியின் டோட்னவ் என்ற மலைநகரில் 1872இல் பிறந்த கார்ல் நெஸ்லர். பிரெஞ்சுக்காரரான மார்செல் கிரத்தோ, சூடேற்றிய இடுக்கியால் கூந்தலில் அலைகள் எழுப்பும் முறையை நெஸ்லர் பிறந்த அந்த 1872ஆம் ஆண்டிலேயே கண்டறிந்திருந்தார். ஆனால் அந்த அலைகள் தலையை நனைத்தால் போய்விடும். நனைந்தாலும் கலையாத அலையை உண்டாக்க வேண்டுமென்பது நெஸ்லரின் பிடிவாதம்.

அவரது முதற் சோதனைகளுக்குத் தலையைக் கொடுத்தவர் அவரது துணைவியார் கத்தரினா. முதலிரு தடவைகளும் அவரது கூந்தல் கருகிப்போயிற்று. தோலிலும் தீக்காயம் ஏற்பட்டது. விஞ்ஞான வரலாற்றில் மனைவிமாரின் பங்களிப்பைப் பற்றி எழுதுவோர் இந்த அம்மையாருக்கும் ஓரிடம் கொடுத்தால் நல்லது. 1906ஆம் ஆண்டு ஒக்டோபர் 8ஆம் திகதி லண்டன் ஒக்ஸ்ஃபோர்ட் வீதியில் நெஸ்லர் தமது முறையைப் பகிரங்கமாகச் செய்துகாட்டினார். கூந்தலில் காரக் கரைசலைத் தடவி, பித்தளை உருளைகளில் சுற்றி, நூறு பாகை செல்சியசுக்குக் குறையாமல் சூடேற்றுவது அந்த முறை. ஓர் உருளையின் நிறை ஏறத்தாழ 900 கிராம், பன்னிரண்டு உருளைகள். அவ்வளவு பாரத்தையும் கழுத்து தாங்காது என்பதால், மேலே தொங்கும் சரவிளக்கு போன்றதொரு சட்டத்தில் எதிர்நிறைகள் கட்டி அவற்றைத் தொங்கவிட்டிருந்தார். சுடுகின்ற உருளைகள் தோலில் படாதவாறு பார்த்துக்கொண்டு ஆறு மணித்தியாலம் அசையாமல் அமர்ந்திருக்க வேண்டும். முதலாம் உலகப்போர் வந்ததும் பிரித்தானியாவில் எதிரி நாட்டவராகிப்போன நெஸ்லர், 1915இல் நியூயோர்க் சென்று அங்கே பெருஞ்செல்வம் ஈட்டினார். 1929இன் பங்குச்சந்தை வீழ்ச்சியில் அதனை இழந்து, 1951இல் மறைந்தார்.

அவர் காட்டிய வழியில் பலர் நடந்தார்கள். சிக்காகோவில் மார்ஜோரி ஜோய்னர் என்ற கறுப்பினப் பெண்மணி, பல கம்பிகளை ஒரே வேளையில் சூடேற்றும் இயந்திரமொன்றுக்கு 1928இல் காப்புரிமை பெற்றார். மடம் சி. ஜே. வோக்கரின் நிறுவனத்தில் அவர் பணியாற்றியதால் காப்புரிமையின் பலன் நிறுவனத்துக்கே போய்ச் சேர்ந்தது. இந்த அம்மையார் 1973இல், தமது 77ஆவது வயதில் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றார் என்பதையும் இவ்விடத்தில் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 1938இல் அர்னோல்ட் வில்லட் என்பவர் சூடில்லாமலே அலை உண்டாக்கும் இரசாயன முறையை அறிமுகப்படுத்தினார். மயிரிழையின் புரதத்தில் உள்ள கந்தகப் பிணைப்புகளை ஒரு திராவகத்தால் அவிழ்த்து, உருளையில் சுற்றிய வடிவிலேயே இன்னொரு திராவகத்தால் மீண்டும் பிணைப்பதே அதன் சூட்சுமம். 1944இல் 'டோனி' என்ற பெயரில் அது வீட்டிலேயே செய்துகொள்ளும் பெட்டியாகக் கடைக்கு வந்தது. நான்கு ஆண்டுகளில் ஜிலெட் நிறுவனம் அந்தத் தொழிலை இரண்டு கோடி டொலருக்கு வாங்கியது. ஆண்களின் தாடியை நம்பியிருந்த நிறுவனத்துக்குப் பெண்களின் கூந்தலில் எவ்வளவு பணம் இருக்கிறது என்பது அப்போது தெரிந்துவிட்டது.

அலையிட்ட கூந்தல் மெலிந்திருந்தாலும் அடர்ந்ததாகத் தோன்றும். அதனால் இந்தத் தொழிலின் நிரந்தர வாடிக்கையாளர்களாக முதிய பெண்கள் ஆனார்கள். இளையவர்கள் நாகரிகம் மாறும்போது விலகிப்போனார்கள், முதியவர்கள் விலகவில்லை. நரைத்த கூந்தலில் தோன்றும் மஞ்சள் சாயலைப் போக்குவதற்கு மெல்லிய நீலச் சாயம் தோய்ப்பதும் இதனுடன் சேர்ந்து வந்தது. அந்துவான் 1924இல் தமது நாய்க்கு நீலச் சாயம் தோய்த்துப் பார்த்தார் என்றும், அதைக் கண்ட எல்சி டி வுல்ஃப் என்ற புகழ்பெற்ற உள்ளக அலங்காரக் கலைஞர் தமக்கும் அவ்வாறே செய்யச் சொன்னார் என்றும் ஒரு கதை உண்டு. அந்த அம்மையார் அப்போது அறுபது வயதளவில் இருந்தார்.

இரண்டாம் உலகப்போரின்போது வெப்பமண்டலக் காடுகளில் நுளம்புகளைக் கொல்வதற்கென அமெரிக்கப் படையினருக்குக் கொடுக்கப்பட்ட தெளிமருந்துக் குப்பியின் தொழில்நுட்பம், போர் முடிந்ததும் கூந்தலுக்கு வந்தது. 1950 அளவில் கூந்தல் தெளிப்பான் கடைகளில் கிடைத்தது. இதன் பின்னரே நாம் பழைய ஆங்கிலப் படங்களில் காணும் அந்த மூதாட்டித் தோற்றம் முழுமை பெறுகிறது: நாடியளவில் நிற்கும் கூந்தல், சீரான சுருள்கள், காற்றடித்தாலும் அசையாத உறுதி. வாரத்தில் ஒரு நாள் சிகையலங்கார நிலையத்துக்குப் போய்த் தலை கழுவி, உருளைகளில் சுற்றி, தலைக்கு மேல் கவிழ்த்த உலர்த்தியின் கீழே அமர்ந்து, காய்ந்ததும் சீவித் தெளித்துக்கொண்டு வந்தால் அடுத்த வாரம் வரை தலையைத் தொடத் தேவையில்லை. இரவில் வலை கட்டிக்கொண்டு உறங்க வேண்டும், அவ்வளவுதான்.

இதனை அடிமைத்தனம் என்று பெண்ணியவாதிகள் சிலர் எழுதினார்கள். அக்கூற்றை நான் அப்படியே ஏற்பதற்கில்லை. கணவனை இழந்து, பிள்ளைகள் பிரிந்துபோன ஒரு முதிய பெண்ணுக்கு வாரம் ஒரு தடவை இன்னொருவரின் கைகள் தலையைத் தொட்டுக் கழுவிவிடுகின்ற இடம் அது ஒன்றுதான். அருகிலுள்ள கதிரையில் அதே வயதில் இன்னொருத்தி இருப்பாள். ஊர்ப் புதினம் முழுவதும் அங்கே பரிமாறப்படும். ரொபேர்ட் ஹார்லிங் 1987இல் எழுதி, 1989இல் திரைப்படமான 'ஸ்டீல் மக்னோலியாஸ்' நாடகம் லூசியானா மாநிலத்துச் சிகையலங்கார நிலையமொன்றைக் களமாகக் கொண்டது தற்செயலன்று.

அதிகாரத்தில் இருந்த பெண்களுக்கோ இந்தத் தலையமைப்பு ஒரு கவசமாகவே இருந்தது. இரண்டாம் எலிசபெத் மகாராணி 1952இல் அரியணை ஏறியதிலிருந்து 2022இல் 96ஆவது வயதில் மறையும் வரை, கூந்தலின் நிறம் மாறியதே தவிர அமைப்பு பெரிதாக மாறவில்லை. நாணயத்திலும் முத்திரையிலும் பதியும் தலைக்கு மாற்றம் வசதியாக இராது அல்லவா? மார்கிரட் தட்சரின் 1984ஆம் ஆண்டு நாட்குறிப்பு பின்னாளில் வெளியானபோது, அந்த ஓராண்டில் மட்டும் நூறுக்கு மேற்பட்ட தடவைகள் சிகையலங்காரத்துக்கு நேரம் ஒதுக்கப்பட்டிருந்தமை தெரியவந்தது. சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தமும் பிரைட்டன் குண்டுவெடிப்பும் நிகழ்ந்த ஆண்டு அது. நாட்டில் என்ன நடந்தாலும் தலை கலையக்கூடாது. ஆண் பிரதமர் ஒருவரின் நாட்குறிப்பில் இத்தகைய பதிவுகளை யாரும் தேடிப் பார்க்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வாராந்தச் சடங்கிலிருந்து பெண்களை விடுவித்தவர் லண்டனின் ஏழ்மை நிறைந்த கிழக்குப் பகுதியில் வளர்ந்த விடால் சசூன். 1928இல் பிறந்து, குழந்தைப் பருவத்தில் சில ஆண்டுகளை அநாதை இல்லத்தில் கழித்து, பதினான்கு வயதில் வைட்சப்பலில் ஒரு கடையில் தலை கழுவும் பையனாகச் சேர்ந்தவர். உருளையும் தெளிப்பானும் தாங்கி நிற்கின்ற கூந்தலை அவர் வெறுத்தார். மயிர் இயல்பாக எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் போக்கிலேயே கணக்கிட்டு வெட்டினால், கழுவி உதறியவுடன் அது தானாகத் தன் வடிவுக்கு வர வேண்டும் என்பது அவரது கொள்கை. 1963இல் அவர் வெட்டிய 'பொப்', 1965இன் ஐந்து முனை வெட்டு ஆகியவை இளம் அழகிகளின் தலைகளில் புகழ் பெற்றன. ஆயினும் அவற்றால் அதிக நன்மை பெற்றவர்கள் முதியவர்களே என்பது எனது கருத்து. இன்று எழுபது வயதுப் பெண்ணொருத்தி காலையில் தலையைக் கழுவி, துவாயால் ஒற்றி, இரண்டு தடவை சீவிவிட்டு வெளியே கிளம்ப முடிகிறதென்றால் அது சசூனின் கணக்கு. அவர் 2012இல் மறைந்தார்.

தோளளவு ஏன் முதுமைக்கு ஏற்றது என்பதற்கு உடலியல் காரணங்களும் உண்டு. மயிரிழை மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் வளரும். ஒவ்வொரு மயிர்க்காலும் சில ஆண்டுகள் தொடர்ந்து வளர்த்துவிட்டு, ஓய்ந்து, உதிர்த்துவிடும். வயது ஏறும்போது, குறிப்பாக மாதவிடாய் நின்ற பின்னர், அந்த வளர்ச்சிக் காலம் சுருங்குகிறது. இழையின் பருமனும் குறைகிறது. இடுப்புவரை தொங்கிய கூந்தல் தானாகவே குறுகி, நுனி மெலிந்துபோவது இதனாலேயே. அந்த நுனியை அகற்றி ஒரே மட்டத்தில் வெட்டிவிட்டால் எஞ்சியிருப்பது அடர்ந்ததாகத் தோன்றும். மெலிந்த கூந்தலில் அதிகமாக அடுக்குகள் வெட்டினால் இன்னும் மெலிந்து தெரியும் என்பதனால் கைதேர்ந்தவர்கள் முகத்தையொட்டி ஓரிரு அடுக்குகளுடன் நிறுத்திக்கொள்வார்கள். உச்சியைச் சற்றுப் பக்கவாட்டில் எடுத்தால் நடுவகிட்டின் அகலம் மறையும். ஆண்டுக்கணக்கில் இறுக்கி முடிந்த கொண்டை நெற்றியோரத்து மயிர்க்கால்களை இழுத்துச் சேதப்படுத்துவதும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்றிருக்கிறது: கொண்டை முடிவதற்கு இரு கைகளையும் தலைக்குப் பின்னே உயர்த்த வேண்டும். மூட்டுவாதமும் தோள் இறுக்கமும் வந்தபின்னர் அந்தக் கைகள் உயர்வதில்லை.

இனி எங்கள் பக்கம். ஐம்பால் என்று கூந்தலை ஐவகையாக முடிந்து பெயரிட்ட மொழி தமிழ். ஆனால் அந்த ஐந்திலும் வெட்டிய கூந்தலுக்கு இடமில்லை. வெட்டுதல் என்பது தமிழ் மரபில் இழப்பின் அடையாளம். கணவனை இழந்த பெண்ணின் தலையை மழிக்கும் வழக்கத்தைப் புறநானூறே காட்டுகிறது. இருபதாம் நூற்றாண்டிலும் பிராமணக் கைம்பெண்கள் பலர் அக்கொடுமைக்கு உள்ளாகினர். ஆகவே வயது முதிர்ந்த தமிழ்ப் பெண்ணொருத்தி கத்தரிக்கோலைக் கண்டு அஞ்சியதற்குக் காரணம் நாகரிகம் அறியாமையன்று. அது நூற்றாண்டுகளின் நினைவு. பெண்கள் கூந்தலைக் கத்தரித்துக் 'கிராப்' வைத்துக்கொள்ள வேண்டுமென்று பெரியார் ஈ. வெ. ரா. வலியுறுத்தினார். சமையலறையும் கூந்தலும் பெண்ணின் நேரத்தை விழுங்குகின்றன என்ற அவரது கணக்கு சரியானதே. ஆனால் அவரைப் பின்பற்றி மேடையேறியவர்களின் வீடுகளிலும் பெரும்பாலும் கொண்டையே நிலைத்தது.

இலங்கையிலும் நிலைமை வேறில்லை. 1960 ஜூலையில் உலகின் முதலாவது பெண் பிரதமராகப் பதவியேற்ற சிறிமாவோ பண்டாரநாயக்க, கண்டிய ஒசரிச் சேலையும் பிடரியில் முடிந்த கொண்டையுமாகவே உலகத் தலைவர்களைச் சந்தித்தார்; 2000ஆம் ஆண்டில் மறையும் வரையும் அந்தத் தோற்றமே அவரது அடையாளம். 1966இல் பிரதமரான இந்திரா காந்தியோ குட்டையாக வெட்டிய கூந்தலும் முன்னெற்றியின் வெண்கீற்றுமாக விளங்கினார். இருவரும் அருகருகே நிற்கும் புகைப்படங்களில் தெற்காசியப் பெண்மையின் இரு முகங்களைக் காணலாம். யாழ்ப்பாணத்தில் அக்காலத்தில் கூந்தலைக் கத்தரித்த பெண்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வெள்ளிக்கிழமைகளில் சீயாக்காயும் தேசிக்காயும் அவித்து அரைத்து முழுகி, வெயிலில் நின்று உலர்த்தி, நுனியில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டு கோவிலுக்குப் போவதே வழமை.

அந்த வழமை புலம்பெயர்ந்த நாடுகளில் வெயிலின்றியே முறிந்தது. 1983இன் பின்னர் பிள்ளைகளைத் தேடி ரொறன்ரோவுக்கும் ஒஸ்லோவுக்கும் சூரிச்சுக்கும் போய்ச் சேர்ந்த அம்மாக்களுக்கு, மாரிகாலத்தில் முழுகிய தலை காய்வதில்லை. காயாத தலையுடன் வெளியே போகவும் முடியாது. முதலில் முழுக்கு வாரத்தில் ஒன்றானது, பின்னர் கூந்தல் தோளளவானது. மகளோ மருமகளோ குளியலறையில் வைத்துக் கத்தரித்தது பாதி. கடைத்தொகுதிச் சிகையலங்கார நிலையத்தில் வெட்டியது பாதி. வெட்டிய அன்று அழுதவர்களும் உண்டு. இவ்வளவு காலமும் இதை ஏன் சுமந்தேன் என்று கேட்டவர்களும் உண்டு.

இவ்விரண்டுக்குமிடையே உள்ள வேறுபாட்டை நான் பலரிடம் விசாரித்துப் பார்த்திருக்கிறேன். தாமே தீர்மானித்துப் போனவர்கள் அழவில்லை. நோயில் விழுந்த வேளையிலோ, பராமரிப்பு இல்லத்தில் சேர்ந்த வேளையிலோ, கேளாமலே வெட்டப்பட்டவர்களே அழுதார்கள். கழுவுவதற்கு வசதி, சிக்கெடுக்க நேரமில்லை என்று பணியாளர்கள் சொல்லும் காரணங்கள் பொய்யானவையல்ல. ஐரீன் காசிலும் மருத்துவமனையை நினைத்துத்தான் வெட்டினார். ஆனால் அவர் அதை முதல் நாளே தம் விருப்பப்படி செய்துகொண்டார். மொழி புரியாத நாட்டில், கேள்வி கேட்கப்படாமல், காலையில் விழித்துப் பார்க்கும்போது பின்னல் இல்லாமற்போன ஒரு யாழ்ப்பாணத்து மூதாட்டிக்கு அது வசதியாகத் தெரியாது. கைம்பெண் கோலமாகவே தெரியும். வெட்டுமுன் பிள்ளைகளில் ஒருவரை அழைத்து ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லச் செய்தால் ஐந்து நிமிடம் செலவாகும். பெற்றோரை அத்தகைய இல்லங்களில் விட்டிருப்போர், மருந்து ஒவ்வாமையைக் குறித்துக் கொடுக்கும் படிவத்திலேயே கூந்தலைப் பற்றியும் ஒரு வரி எழுதிக் கொடுப்பது நல்லது.

கூந்தல் இன்னமும் எவ்வளவு பெரிய விடயம் என்பதற்குக் கனடாவில் நடந்த ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். லிசா லஃப்ளாம் என்பவர் அந்நாட்டின் சி.ரி.வி. தொலைக்காட்சியில் 2011 முதல் தலைமைச் செய்தி வாசிப்பாளர். அவருக்கு முன் அதே கதிரையில் இருந்த லொயிட் ரொபேர்ட்சன் 77 வயது வரை செய்தி வாசித்து ஓய்வு பெற்றார். 2020இல் கொரோனாப் பெருந்தொற்றினால் சிகையலங்கார நிலையங்கள் மூடப்பட்டபோது, லஃப்ளாம் தமது தோளளவுக் கூந்தலுக்குச் சாயமிடுவதை நிறுத்திவிட்டு நரையுடனேயே திரையில் தோன்றினார். 2022 ஓகஸ்டில், 58ஆவது வயதில், 35 ஆண்டு காலப் பணியின் பின்னர், அவரது ஒப்பந்தம் முடித்துக்கொள்ளப்பட்டது. அது வர்த்தக நோக்கிலான தீர்மானமே என்று நிறுவனம் கூறியது. வயதோ பால்வேறுபாடோ காரணமல்ல என்று மறுத்தது. ஆனால், அவர் நரையோடு தோன்ற அனுமதித்தது யார் என்று மேலதிகாரி ஒருவர் கேட்டதாகப் பத்திரிகையில் செய்தி வெளிவந்ததும் நாடெங்கும் சர்ச்சை மூண்டது. வணிக நிறுவனங்கள் தமது விளம்பரச் சின்னங்களின் கூந்தலைச் சாம்பல் நிறமாக்கி அவருக்கு ஆதரவு தெரிவித்தன. 2023 மே மாதத்தில் சார்ள்ஸ் மன்னரின் முடிசூட்டு விழா லண்டனில் நடைபெற்றபோது, போட்டி நிறுவனமான சிற்றிநியூஸின் விசேட செய்தியாளராக அங்கிருந்து செய்தி வழங்கியவர் லிசா லஃப்ளாம்.